கிருமி எங்கோ, அடி சிறுநீரகத்துக்கு

அவையோருக்கு வணக்கம்.

சிறுநீரகத்தில் நோய் எதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சிறுநீரக எதிர்ப்பியல், தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ், வெப்பமண்டலத் தொற்றுகள் என்று என் ஆய்வை மூன்றாகச் சொல்லி அறிமுகம் செய்தார்கள். என் மனத்தில் அது ஒரே கேள்வி. நிமோனியா வந்தவருக்குக் கிருமி நுரையீரலில் இருக்கிறது. சிறுநீரகத்தில் ஒன்றுகூட இல்லை. அப்படியிருக்க, இரண்டு மூன்று நாளில் ஏன் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுகிறது, ஏன் சிறுநீர் வற்றுகிறது?

நான் படித்த காலத்தில் இதற்குப் பதில் கைவசம் இருந்தது. ரத்த அழுத்தம் விழுகிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் போதவில்லை, வடிந்த நீரைச் சிறுநீராக்கும் நுண்குழல்களின் செல்கள் செத்துப்போகின்றன. பொருத்தமாகத் தோன்றியதால் நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை. பிறகு செம்மறியாடுகளுக்குச் செப்சிஸை வரவழைத்து அளந்து பார்த்தார்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையவில்லை, கூடியிருந்தது! ஆனாலும் வடிகட்டும் வேலை சரிந்திருந்தது. செப்சிஸில் இறந்தவர்களின் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் வைத்தாலும் செத்த செல்கள் சிலவே தென்படுகின்றன. செல் உயிரோடு இருக்கிறது, வேலையைத்தான் நிறுத்திவிட்டது.

ஏன் நிறுத்தியது? இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் வடிகிறது. உடலின் எந்த மூலையில் தொற்று இருந்தாலும், கிருமியின் உடைந்த துணுக்குகள் அந்த நீரோடு நுண்குழல்களுக்குள் வந்துவிடும். அந்தக் குழலின் செல்களில் டிஎல்ஆர்4 என்ற உணர்வி இருக்கிறது. பல பாக்டீரியாக்களின் வெளியுறைப் பொருளை அது அடையாளம் காணும். பழ ஈயில் ஜூல்ஸ் ஹாஃப்மான் தொடங்கிய தேடலை, புரூஸ் பாய்ட்லர் சுண்டெலியில் இந்த உணர்வியில் கொண்டுவந்து சேர்த்தார். 2011 நோபல் பரிசில் இருவருக்கும் பங்கு கிடைத்தது. வெள்ளையணுக்கள்தான் காவல்காரர்கள் என்றிருந்தோம். வடிநீரைக் கையாளும் செல்லும் காவல் காக்கிறது. ஆபத்தை உணர்ந்ததும் தன் உயிரைக் காக்க ஆற்றலை ஒதுக்கிக்கொண்டு, அன்றாட வேலையைக் கைவிடுகிறது என்றே நான் நினைக்கிறேன்.

2016இல் செப்சிஸின் வரையறையும் இதை ஒட்டியே எழுதப்பட்டது. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உறுப்புகள் உயிருக்கு ஆபத்தாகும் அளவு செயலிழப்பதே செப்சிஸ். அப்படியானால் எதிர்வினையை அடக்கினால் போதாதா? பல மருந்துகளை முயன்று தோற்றோம். ஆக்டிவேட்டட் புரோட்டீன் சி 2001இல் பெரும் எதிர்பார்ப்போடு வந்தது, 2011இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரே உடலில் ஒரு பக்கம் அழற்சி கொழுந்துவிட்டு எரிகிறது, மறுபக்கம் நோயை எதிர்க்கும் லிம்போசைட்டு வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாக மடிகின்றன. அடக்குவதா, தூண்டுவதா?

2017இல் உலகில் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது ஒரு மதிப்பீடு. பெரும்பகுதி வளம் குறைந்த நாடுகளில். சிகிச்சை விதிகளோ பெரும்பாலும் பணக்கார நாடுகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உருவானவை. இது என் தீராத ஆதங்கம். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடும் காய்ச்சலோடு வந்த 3141 குழந்தைகளிடம், நரம்பு வழியே வேகமாகத் திரவம் ஏற்றுவது உதவுகிறதா என்று பார்த்தார்கள். 2011இல் முடிவு வந்தது. ஏற்றிய பிள்ளைகளில் 48 மணி நேரத்துக்குள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படி ஏற்றாத பிள்ளைகளில் ஏழு பேர். நல்லது என்று நம்பிச் செய்த சிகிச்சை அது.

சிறுநீரகத்திலிருந்து புரதம் ஒழுகும் நோய்க்கு, உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுக்கிறோம். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தவரின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு பல்லாண்டு அறிகுறியில்லாமல் தங்கியிருக்கலாம். ஸ்டீராய்டு உள்ளே போனதும் அது பெருகி, குடல் சுவரைத் துளைத்து, பாக்டீரியாவையும் ரத்தத்துக்குள் இழுத்துச் செல்லும். முன்கூட்டியே ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய செப்சிஸ்.

கடைசியாக எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரக நுண்குழலில் குடியிருந்து சிறுநீரில் வெளியேறுகிறது. எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. மனிதரிலோ அதே குழல் பழுதாகிறது. கிரியேட்டினின் ஏறும், ஆனால் சிறுநீர் பெரும்பாலும் குறையாது. சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் வழக்கமாகக் கூடும் பொட்டாசியம், இங்கே இறங்கும். சிறுநீர் நன்றாகப் போகிறதே என்று நிம்மதியடையும் மருத்துவர் ஏமாந்துபோவார்.

ஒரே கிருமி, ஒரே வகைக் குழல். எலி தாங்குகிறது, மனிதர் விழுகிறார். லெப்டோஸ்பைராவின் வெளியுறைப் பொருளைச் சுண்டெலியின் டிஎல்ஆர்4 கண்டுகொள்கிறது, மனிதரின் டிஎல்ஆர்4 கண்டுகொள்வதில்லை. காவல் மிஞ்சியதால் சிறுநீரகம் விழுகிறது என்றுதான் இவ்வளவு நேரம் சொல்லிவந்தேன். இங்கே காவலுக்குக் கண் தெரியாததால் விழுகிறதோ என்று தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்து விளக்க வேண்டும். என் மேசையில் இப்போது இருப்பது அதுதான். இளையவர்களில் யாருக்காவது இதில் இறங்க விருப்பம் இருந்தால், கூட்டம் கலைவதற்குள் என்னை வந்து பாருங்கள்.