தாய்லாந்தில் டைப்பிங் வேலையா? டிக்கெட் போடும் முன் இந்த ஆற்றைப் பாருங்க!

வணக்கம் மக்களே! தாய்லாந்தில் வேலை, சாப்பாடும் ரூமும் ஃப்ரீ, இன்டர்வியூவில் டைப்பிங் வேகம் மட்டும்தான் பார்ப்பார்கள். மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் உங்கள் போனுக்கும் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கலாம். நம்பிப் போனால் கேஸ் உங்கள் மேலேயே விழலாம். எப்படி?

முதலில் சட்டம், சட்டென்று முடித்துவிடுகிறேன். 1983 எமிகிரேஷன் சட்டப்படி ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுக்கு மத்திய அரசின் பதிவு வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் தேடினால் தெரிந்துவிடும். சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. குறுவை அறுத்த காசு போதாமல் அம்மாவின் தோட்டையும் அடகு வைக்கச் சொல்கிறாரா? எழுந்து வந்துவிடுங்கள்.

(திரையில்: வரைபடம்)

சரி, மேப்புக்கு வாங்க. பாங்காக்கில் டூரிஸ்ட்டாக இறங்குகிறீர்கள், கம்பெனி கார் வருகிறது, ஆபீஸ் ஊருக்குள்தான் என்று நினைத்தால் கார் ஆறேழு மணி நேரம் ஓடி மே சாட் என்ற எல்லை ஊரில் போய் நிற்கிறது. அங்கே மோய் ஆறு. நம்ம காவிரி கிழக்கே போகும், இதுவோ வடக்கே ஓடி சால்வீன் ஆற்றில் விழுகிறது (ஆறு என்றால் எனக்கு ஒரு கிறுக்கு, பொறுத்துக்கோங்க). கோடையில் வெண்ணாற்றில் இறங்கி நடப்பது போல இதையும் சில இடங்களில் நடந்தே தாண்டலாம். அக்கரை மியாவாடி, அதாவது மியான்மர். விசா இல்லை, பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லை. கரையேறிய நிமிஷமே நீங்கள் கள்ளத்தனமாக எல்லை தாண்டியவர்!

வேலை? பெண் போட்டோ போட்ட போலிக் கணக்கில் ஏதோ ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் காதல் பேசி, அவர் சேமிப்பை கிரிப்டோவில் போட வைப்பது. மறுத்தால் அடி. அடிக்குப் பயந்து செய்தவரைக் குற்றவாளி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் தெரிந்தும் கமிஷனுக்காக சித்தப்பா பையனையும் ஊரிலிருந்து வரவழைத்தவனை? கமெண்டில் சொல்லுங்க. போலீஸ் இரண்டு பேரையும்தான் விசாரிக்கும், அதனால் ஏஜென்ட்டோடு பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், பணத்தை பேங்க் வழியாக மட்டும் கொடுங்கள்.

'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' என்ற பதவிப் பெயரைச் சொல்லியே 2022இல் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. 2025 மார்ச்சில் இப்படிச் சிக்கிய 549 இந்தியர்களை மே சாட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் கூட்டி வந்தார்கள்.

அப்புறம் பாஸ்போர்ட். 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது உங்கள் சொத்துகூட இல்லை, இந்திய அரசின் சொத்து! "பத்திரமா வச்சிருக்கேன், குடு தம்பி" என்று மேனேஜர் கேட்டால் அவரிடம் இதையே சொல்லுங்கள். அடுத்த வீடியோ வளைகுடா டிரைவர் வேலை பற்றி, கான்ட்ராக்ட் கையில் இருந்தால் எடுத்து வையுங்க.