பெரியம்மா பெயர் ரேடியோவில் வந்தது

நடுவர் ஐயா அவர்களுக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பன் தமிழ் மக்களுக்கும் வணக்கம்.

"இதமான பாட்டுக்கு வானொலியா, கைபேசியா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தம்பி கேட்டார்: "அவர்கள் போடுகிற பாட்டைக் கேட்க நான் என்ன அடிமையா? கைபேசியில் நினைத்த பாட்டு நினைத்த நொடியில் வரும்." சரி தம்பி, வரட்டும். உங்கள் காதுக்கு மட்டும்தானே வரும்?

டர்பனில் நம் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வர்த்தில் எங்கள் பெரியப்பா, பெரியம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு பாட்டுப் போடச் சொல்லி, நம் இந்தியர் வானொலியான ரேடியோ லோட்டஸுக்குக் கடிதம் போட்டார். பெரியம்மாவிடம் மூச்சுவிடவில்லை. தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார்! அந்த நாளும் வந்தது. வீட்டுக்கு வீடு ரேடியோ. அறிவிப்பாளர் பெரியம்மா பெயரைச் சொல்கிறார். பாட்டு தொடங்குகிறது. பெரியம்மா எங்கே? கொல்லையில் துணி காயப்போடுகிறார்! பெரியப்பா ஓடுகிறார்.

"சீக்கிரம் வா!"

"கறி தீய்ஞ்சு போச்சா?"

"இல்லடி, உன் பேரு!"

"என் பேருக்கு என்ன வந்துச்சு?"

பாட்டு முடிந்தே போனது.

அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா வேலியில் எட்டிப் பார்த்துப் பல்லவியைப் பாடினார். எதிர்வீட்டுத் தாத்தா சரணத்தைப் பிடித்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் முழுப் பாட்டையும் தெருவே பாடிக் காட்டிவிட்டது. தம்பி, உங்கள் காதில் ஓடும் பாட்டை யார் வந்து பாடுவார்?

1967இல் இங்கே ரேடியோ போர்ட் நேட்டால் வந்தது. மெல்லிசை போட்டார்கள், எங்கள் வீட்டிலும் ரசித்தோம். ஆனால் பேச்சு ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும். 1996இல் அது தனியார் கைக்குப் போனது, இன்றைய ஈஸ்ட் கோஸ்ட் ரேடியோ. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம்மவருக்கு, நமக்கென்று ரேடியோ லோட்டஸ் வந்தது 1983இல்! 123 வருடம் ஐயா!

பெரியம்மா, டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். வேலை செய்த வெள்ளைக்கார வீட்டில் அவரை "மேரி" என்றே கூப்பிட்டார்கள். இந்தியப் பெண் என்றால் எல்லாருமே மேரிதான் அவர்களுக்கு. அவருடைய சொந்தப் பெயரை, முழுசாக, மரியாதையோடு ஊரறியச் சொன்னது அந்த ரேடியோ. அதைச் சொல்லிச் சொல்லி அழுதார் எங்கள் பெரியம்மா.

அவர் இன்று இல்லை. அந்தத் தெருக்காரர்கள் அதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள் ஐயா.