மலையிறங்கும் காரை யாரிடம் ஒப்படைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். காரைப் பட்டறைக்கு அனுப்புவதா, வீட்டு வாசலில் நாமே பார்த்துக்கொள்வதா என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் கூலியை வைத்தே விடை தேடுகிறார்கள். சேலத்துக்காரர்களுக்கு நான் வேறோர் அளவுகோலைச் சொல்வேன்: வேலையில் பிழை நேர்ந்தால் அது எந்த இடத்தில் தெரியவரும்? பேட்டரி முனையைச் சரியாக முறுக்காவிட்டால் காலையில் வாசலிலேயே வண்டி கிளம்பாது. பக்கத்து வீட்டார் தள்ளிவிடுவார்கள். பிரேக் குழாயில் காற்று புகுந்திருந்தாலோ, ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் அது தெரியவரும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலே. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரம் வந்து சேர்வதற்குள், அந்த உயரத்திலிருந்து இறங்கும் வண்டியின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக மாறியாக வேண்டும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே அதில் கணிசமான பங்கை ஏற்றுக்கொள்ளும். இல்லையென்றால் எல்லாச் சுமையும் பிரேக்கின் மேல்தான் விழும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவோர் இன்னமும் இருக்கிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களோ, கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருளை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் அவை எரிபொருளைச் செலவழிக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது பிரேக் ஆயில். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காது. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தத் தரம் கோரும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தைப்போல் அல்லாமல் ஆவி அமுங்கிக்கொடுப்பதால், மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. டப்பாவைத் திறந்து பார்த்தால் ஆயில் அளவு சரியாகவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஏமாற்று. ஈரத்தை அறியக் கருவி வேண்டும். ஆயிலை மாற்றிக் குழாய்களில் உள்ள காற்றை முழுவதும் வெளியேற்றப் பயிற்சி வேண்டும். ஏபிஎஸ் (திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பொருத்திய சில வண்டிகளுக்குக் கணினிக் கருவியும் வேண்டும். ஆகவே, பல நிறுவனங்கள் சொல்வதுபோல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலைப் பட்டறையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங், ஏர்பேக் வேலைகளையும் வீட்டில் தொடவே வேண்டாம்.

கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் அறியக்கூடியவற்றை உரிமையாளரே செய்யலாம், செய்யவும் வேண்டும். டயர் காற்றை வண்டி ஓடிச் சூடேறும் முன்பே சரிபார்க்க வேண்டும். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் ஓரத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். ஸ்டெப்னியை மறந்துவிடக் கூடாது. எஞ்சின் ஆறியபின், அதைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். குறைந்திருந்தால் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள், அதன் உப்பு நுண்குழாய்களில் படிந்துவிடும்.

எஞ்சின் ஆயில் மாற்றுவது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வேலை எளிதுதான், ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் நுழைவது உயிரோடு விளையாடுவது. ஜாக்கி ஸ்டாண்டும், கழிவு ஆயிலைச் சாக்கடையில் விடாமல் உரியவரிடம் சேர்க்கும் வழியும் இல்லாதவர்கள், மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காக இதில் இறங்குவது வீண் என்பது என் கருத்து. வாரண்டி முடியும்வரை ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

வாரண்டி முடிந்தபின், ஐந்து ரோட்டுப் பக்கம் பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போவதா, தெருமுனை மெக்கானிக்கிடம் விடுவதா என்பது உங்கள் விருப்பம். கழற்றிய பழைய பிரேக் பேடை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தட்டை அழுத்திப் பிடிக்கும் பட்டையை, கேட்டவுடன் எடுத்துக் காட்டுபவரையே நான் தேர்ந்தெடுப்பேன். நீங்களும் வெறுமனே பிரேக் சரியில்லை என்று சொல்லாமல், இறக்கத்தில் மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது என்றோ, இடது முன்சக்கரத்தில் மட்டும் உரசல் கேட்கிறது என்றோ சொன்னால், முன்னதற்கு டிஸ்க்கையும் பின்னதற்கு அந்தப் பக்கத்துப் பேடையும் அவர் முதலில் பார்ப்பார். தேவையற்ற பாகங்களை மாற்றும் செலவும் தவிரும்.

மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு போக நினைப்பவர்கள் முந்தைய நாள் மாலையில் வண்டியைப் பட்டறையில் விடாதீர்கள். புதிய பேட்கள் டிஸ்க்கோடு ஒத்துப்படியச் சில நூறு கிலோமீட்டர் மிதமான ஓட்டம் தேவைப்படும் என்பதால், இரண்டு வாரம் முன்னதாகவே மாற்றிக்கொண்டு, ஆத்தூர், ஓமலூர் எனச் சமவெளிச் சாலைகளில் ஓட்டியபின் மலையேறுவதே நல்லது.