கூட்டம் உண்டு, ஆள் இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பகலெல்லாம் வெயிலில் வெந்துவிட்டு ராத்திரி கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று வந்து எங்களிடம் மாட்டிக்கொண்ட வேலூர் மக்களே, வணக்கம்.

‘மனத்தில் நிற்பவை அந்தக் காலப் படங்களா, இந்தக் காலப் படங்களா?’ என்பது தலைப்பு. நான் அந்தக் காலக் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி இரண்டு குற்றம் சொன்னார். பழைய படத்தில் பாட்டு வந்தால் கதை நின்றுவிடுமாம். கதாநாயகன் நாலு பக்கம் வசனம் பேசாமல் வாயை மூடமாட்டானாம். பாட்டே இல்லாமல் ஒரே ராத்திரியில் முடிகிற ‘கைதி’ மாதிரி அந்தக் காலத்தில் ஒன்று உண்டா என்று மேசையைத் தட்டினார். தம்பி, பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ 1954லேயே வந்துவிட்டது. எஸ். பாலசந்தர் இயக்கியது, சிவாஜி நடித்தது. பாட்டுக் கணக்கு தீர்ந்தது. கைதிக்கு அப்புறம் வருகிறேன், எங்கேயும் போய்விடாதீர்கள்.

நான் தையல்காரி. காட்பாடியில் வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறேன். எதிரே டிவி ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது ரவிக்கையைக் கொண்டுவந்து “நல்லா தைச்சிருக்காங்களா பாரு” என்று நீட்டினால், முன்பக்கத்து ஜரிகையை நான் பார்க்கமாட்டேன். உள்பக்கம் திருப்பி, பிசிறை மடித்துத் தைத்திருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். படத்தையும் அப்படித்தான் பார்க்கிறேன். கதாநாயகன் ஜரிகை. அவனைப் பளபளவென்று காட்ட எல்லாருக்கும் தெரியும். அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை எப்படித் தைத்திருக்கிறார்கள்?

போன மாதம் மகனும் மருமகளும் ஒரு பெரிய நடிகரின் புதுப் படத்துக்கு என்னை அழைத்துப்போனார்கள். பெயர் வேண்டாம், ரசிகர்கள் இங்கேயும் இருப்பீர்கள். மறுநாள் மகனிடம் கேட்டேன்: “டேய், படம் முழுக்க அவன் கூடவே ஓடினானே ஒருத்தன், அவன் பேர் என்னடா?” பையன் ரொம்ப நேரம் யோசித்தான். கடைசியில் “மச்சான்” என்றான்.

சரி, அதே கேள்வியை 1968க்குக் கொண்டுபோங்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’. சிவாஜியையும் பத்மினியையும் விடுங்கள். நாகேஷ் யார்? வைத்தி. மனோரமா? ஜில் ஜில் ரமாமணி. பாலையா? தவில் முத்துராக்கு. மோகனாவின் அம்மா? வடிவாம்பாள். பாருங்கள், எனக்கு முன்னால் நீங்களே சொல்கிறீர்கள்! ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரமாமணி படம் முழுக்கவா வருகிறாள்? வருகிற கொஞ்ச நேரத்திலேயே அவளுக்கு ஒரு தொழில், ஒரு பேச்சு, ஒரு ஆசை, சொல்லாமல் விழுங்கிய ஒரு வருத்தம், எல்லாம் இருக்கிறது.

வசனம் என்றதும் தம்பி ‘பராசக்தி’யைத்தான் மனத்தில் வைத்துச் சொன்னார். 1952. அதை எடுத்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் நம் வேலூர்க்காரர். புதுப்பையன் வேண்டாம் என்று பேச்சு வந்தபோது, கணேசன்தான் நடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர். அந்த நன்றிக்காக சிவாஜி பொங்கல்தோறும் இந்த ஊருக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போவார் என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். அந்தப் படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். கோர்ட் வசனம் எனக்குப் பாதி மனப்பாடம், அதனால் அதில் மனம் போகவில்லை. புருஷனும் போய், அப்பாவும் போய், கைக்குழந்தையோடு கல்யாணி இட்லிக்கடை போடுகிறாளே, அங்கேதான் மெஷினை நிறுத்திவிட்டேன். அவள் கதை இல்லாவிட்டால் அண்ணன் கோர்ட்டில் எதைப் பேசுவான்?

அப்புறம் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. ஸ்ரீதர், 1962. கதை முழுக்க ஓர் ஆஸ்பத்திரிக்குள்தான். ஆஸ்பத்திரியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்காளத்திலிருந்து வந்து லாட்ஜில் தங்கி, கையில் பிளாஸ்க்கோடு காத்துக்கிடக்கிறவர்களை தினமும் பார்க்கிற ஊர் இது. கடைப் பலகையே வங்காளியில் எழுதி வைத்திருக்கிறோம். நோயாளியைவிடக் கூட வந்தவர் முகம்தான் பார்க்க முடியாது. தேவிகாவுக்கு அந்த முகம். டாக்டர், அவளை முன்பு காதலித்தவன். படுத்திருக்கும் கணவன் முத்துராமன். இன்றைக்கு இந்தக் கதையை எடுத்தால் கணவனைக் குடிகாரனாகவோ சந்தேகப் பேயாகவோ ஆக்கிவிட்டால் வேலை சுலபம். ஸ்ரீதர் அந்தச் சுலபத்தைத் தொடவில்லை. ‘நான் செத்துப்போனால் நீ இவரைக் கட்டிக்கொள்’ என்று கணவனே சொல்கிறான். அதைக் கேட்ட வேதனையில்தான் ‘சொன்னது நீதானா’ பிறக்கிறது. தம்பி, அந்தப் பாட்டில் கதை நிற்கவில்லை. அந்தப் பாட்டுதான் கதை. படத்தில் வில்லனே இல்லை. மூன்று பேரும் நல்லவர்கள், அதனாலேயே நமக்குத் தொண்டை அடைக்கிறது. நடுவில் குட்டி பத்மினி, ஒரு நோயாளிக் குழந்தை. ‘முத்தான முத்தல்லவோ’ பாட்டை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தக் குழந்தை முகம் வந்துவிடும்.

புதுப் படங்களில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். 2024இல் வந்த ‘மெய்யழகன்’ எனக்கு ரொம்பப் பிடித்தது. தன்மேல் உயிரையே வைத்திருக்கும் ஒருவன் பெயர் நினைவுக்கு வராமல் ஒரு மனுஷன் கூசிப்போகிறான். அவ்வளவுதான் கதை. அதைப் பொறுமையாகச் சொன்னார்கள். என்ன நடந்தது? நீளம் நீளம் என்று கூச்சல் போட்டு, படம் வெளியான பிறகு 18 நிமிடத்தை வெட்ட வைத்தோம். நல்ல துணியாகவே இருந்தாலும் கத்தரிக்கோலோடு நிற்கிற காலம் இது.

கைதிக்கு வருகிறேன் என்றேன் இல்லையா? தம்பி, அந்தப் படத்தில் லாரியும் துப்பாக்கியும் எனக்குக் கலங்கிப்போய்விட்டது. மனத்தில் நிற்பது நெப்போலியன் என்கிற பாத்திரம். அன்றைக்குத்தான் மாற்றலாகி வந்து, மாட்டிக்கொண்டு, ஓடிப்போகாமல் கமிஷனர் ஆபீஸைக் காத்து நிற்கிற அந்தச் சாதாரணக் கான்ஸ்டபிள். அந்த ஆளை ரமாமணி பக்கத்தில் உட்கார வைக்கலாம். உங்கள் சாட்சி என் பக்கம் வந்துவிட்டார், நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரைக் கேலி செய்ய ஒரு பழைய பேச்சு உண்டு. ஆற்றில் தண்ணீர் இல்லை, கோட்டையில் ராஜா இல்லை, கோயிலில் சாமி இல்லை. சாமி 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாற்றில்கூட மழை கொட்டினால் தண்ணீர் வருகிறது. இன்றைய பெரிய படங்களில்தான் இன்னும் கூட்டம் இருக்கிறது, ஆள் இல்லை.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்து வரும் எதிரணித் தங்கைக்கு ஒரே ஒரு கேள்வி. கடைசியாகத் தியேட்டரில் பார்த்த படத்தில் கதாநாயகனிடம் அடிவாங்கிப் பறந்தார்களே நாற்பது பேர், அவர்களில் ஒருவன் பெயரைச் சொல்லுங்கள், நான் மைக்கை வைத்துவிடுகிறேன். ‘மச்சான்’ செல்லாது.