மன அமைதியைக் குலைப்பது கழிப்பறைக் குறையே!

நடுவர் அவர்களுக்கும், மேடையில் இருப்போருக்கும், கடற்கரை மணலில் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். 'உழைப்பவரின் மன அமைதியைப் பெரிதும் குலைப்பது வேலைச் சுமையா, கழிப்பறைக் குறையா?' என்ற தலைப்பில், கழிப்பறைக் குறையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் தம் பேச்சின் நடுவே பெரிய கைதட்டல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். "எங்கள் அப்பத்தா ஆயுள் முழுவதும் கருவங்காட்டுக்குத்தான் போனார், அவருக்கு எந்த மனநோயும் வரவில்லை, இவர்கள் நிம்மதியைத் தேடிக் கக்கூசுக்குப் போகிறார்கள்" என்றார். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். ஆனால் ஐயா, அப்பத்தா எத்தனை மணிக்குப் போனார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! விடியும் முன் போயிருப்பார். விட்டால் இருட்டிய பிறகு போயிருப்பார். இடையில் இருந்த பகல் முழுவதும் என்ன செய்தார்? அடக்கினார். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று சொல்லும் ஊரில், இரண்டையும் சேர்த்து அடக்கிய பெருமை உங்கள் அப்பத்தாவுக்கு உண்டு. பொழுது சாயும் நேரத்தில் அவர் உங்கள் தாத்தா மேல் ஏன் எரிந்து விழுந்தார் என்பது இப்போதாவது விளங்குகிறதா?

சரி, போனவர் நிம்மதியாகவா போனார்? துணைக்கு நான்கு பெண்களைத் திரட்ட வேண்டும். கீழே பாம்புக்குப் பயம், பக்கத்தில் முள்ளுக்குப் பயம், சாலையில் வரும் வண்டியின் வெளிச்சம் மேலே விழுமோ என்ற பயம். வெளிச்சம் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். வண்டி போனதும் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் அடுத்த வண்டி வரும். அப்பத்தாவுக்கு மனநோய் இல்லை என்கிறீர்கள், அவரிடம் யாராவது கேட்டீர்களா? பிற்பாடு உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சீமைக்கருவையை ஊர் ஊராக வெட்டினார்கள். நிலத்துக்கு நல்லதுதான், ஆனால் அதோடு சேர்ந்து மறைவும் போனதைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவர் பேசி நான் கேட்டதில்லை.

சித்த மருத்துவம் உடலின் வேகங்கள் 14 என்று கணக்கிட்டு, அவற்றை அடக்கினால் நோய் வரும் என்கிறது. சிறுநீரும் மலமும் அந்தப் பட்டியலில் உண்டு. எதிரணியினர் வேலைச் சுமை என்று சொல்லும் மாதாந்திர அறிக்கை அதில் இல்லை!

இனி வேலையிடத்துக்கு வருகிறேன். நான் முன்பு பணியாற்றிய அலுவலகம் ஒன்று. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள், எனக்கு ஓய்வூதியம் வர வேண்டும். அங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை, அதற்கு ஒரு பூட்டு, பூட்டின் சாவி அதிகாரியின் மேசை இழுப்பறைக்குள். சாவி தொலையக் கூடாது என்று, வலையில் கட்டும் மிதப்புக்கட்டை ஒன்றை அதில் கோத்து வைத்திருந்தார். தேங்காய் அளவு இருக்கும், பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். ஒரு பெண் ஊழியர் போக வேண்டுமென்றால், அதிகாரியின் முன்னால் நின்று, அவர் கோப்பிலிருந்து தலை நிமிரும்வரை காத்திருந்து, "சார், சாவி" என்று சொல்லி, அந்த ஆரஞ்சுக் கட்டையைக் கையில் ஏந்தியபடி கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அத்தனை கண்களுக்கும் நடுவே நடக்க வேண்டும். ஒருநாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் அப்படிப் போகிறார். மனு கொடுக்க வந்திருந்த மீனவப் பெரியவர் ஒருவர் கள்ளங்கபடமில்லாமல் கேட்டார்: "ஏத்தா, இந்த நேரத்துல வலை விடவா போறிய?"

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடியும் சொல்கிறேன். கையில் மிதப்புக்கட்டை, கண்ணில் அவசரம், குறுக்கே பெரியவர்: "வலை விடவா போறிய?" அலுவலகமே சிரித்தது. அந்தப் பெண் மறுநாளிலிருந்து தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்.

கதை இன்னும் முடியவில்லை. ஒருநாள் அதிகாரி இழுப்பறையைப் பூட்டிக்கொண்டு ஆய்வுக் கூட்டத்துக்குப் போய்விட்டார். கட்டை உள்ளே, நாங்கள் வெளியே. பெண்கள் ஒவ்வொருவராகப் பக்கத்துத் தெரு வீடுகளில் போய்க் கெஞ்சினார்கள். மாலையில் ஜீப் வந்தது. நிற்கும் முன்பே அதிகாரி குதித்தார். கூட்டத்தில் கேள்விக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருப்பார் போலும். சட்டைப் பையைத் தடவுகிறார், கால்சட்டைப் பையைத் தடவுகிறார். இழுப்பறைச் சாவியைக் கூட்ட அரங்கிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்! இராமேசுவரத்து மூன்றாம் பிரகாரத்தைக்கூட யாரும் அவ்வளவு வேகத்தில் சுற்றியிருக்க மாட்டார்கள். மேசையை அப்படிச் சுற்றினார். அந்தக் கால்மணி நேரத்தில் எந்தக் கோப்பை நீட்டியிருந்தாலும் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருப்பார். எதிரணியினரே, கூட்டம் முடிந்துவிட்டது, அப்போது அவருக்கு எந்த வேலைச் சுமையும் இல்லை. பிறகு எது அவரை அந்தப் பாடு படுத்தியது?

அவருக்கு ஒரு மாலை நடந்தது பலருக்கு அன்றாடம் நடக்கிறது. போக இடம் இல்லாதவர் தண்ணீரைக் குறைக்கிறார். தண்ணீர் குறைந்தால் தலைவலி, எரிச்சல், கவனச் சிதறல், மேற்கொண்டு சிறுநீர்த் தொற்று. வெளியே ஆள் நிற்கிறது என்று தெரிந்தாலே சிறுநீர் வராமல் நின்றுவிடுவோர் உண்டு; அதை மருத்துவர்கள் சமூகப் பதற்றத்தோடு சேர்த்தே பார்க்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவர் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதற்கு அலுவலகத்தில் இருக்கும் ஒரே இடம் அதுதான்.

தொழிலாளர் ஆலையில் இருக்கும் நேரமெல்லாம் எளிதில் போய்வரக்கூடிய கழிப்பறை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே வேண்டும் என்று 1948ஆம் ஆண்டிலேயே அன்றைய தொழிற்சாலைகள் சட்டம் 19ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. நண்டுச் சதை பிரிக்கும் பெண்களிடம் போய் அந்தப் பிரிவைப் படித்துக் காட்டுங்கள், அவர்கள் சிரிப்பதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

பொதுக் கழிப்பறையாவது இருக்கிறதே என்பீர்கள். உப்புக்காற்றில் இரும்புத் தாழ்ப்பாள் எத்தனை நாள் தாங்கும்? அது துருவேறி உதிர்ந்த இடத்தில் நைலான் கயிறு தொங்கும். ஒரு கையால் கயிற்றை இழுத்துப் பிடித்து, மறுகையால் சேலையைத் தூக்கி, கைப்பையை வாயில் கவ்விக்கொண்டு உட்காரும் பெண்ணை வெளியிலிருந்து ஒருவர் தட்டினால், "ஆள் இருக்கு" என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. குடிநீரையே குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஊர்களில் கழிப்பறைக்கு ஊற்ற ஒரு வாளித் தண்ணீர் எங்கிருந்து வரும்? அதனால் அதற்குள் வலையையும் விறகையும் அடுக்கி வைத்திருக்கிறோம்.

பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போகும் நம் சகோதரிகளை நினைத்துப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, மாதவிலக்கு நாட்களிலும் மணிக்கணக்காகக் கடலில் மூழ்கி எழுகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கே கழிப்பறை கட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. படகு ஏறி இறங்கும் துறையில், தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள ஒன்றைக் கேட்கிறேன்.

என் அம்மா ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைச் சுமந்து, இராமநாதபுரத் தெருக்களில் விற்றவர். மீன் வாங்கும் வீடுகளில் தேநீர் கொடுப்பார்கள், "வேணாம் தாயி" என்பார். அவருக்குத் தேநீர் பிடிக்காது என்றே உறவுக்குள் பெயர். இருட்டியபின் வந்து கூடையை இறக்கியதும் கொல்லைக்குப் போவார். திரும்பி வந்து ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடிப்பார். அதற்குப் பிறகுதான் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்கு முன் குறுக்கே போன பிள்ளைக்கு அடி நிச்சயம். கோபக்காரி என்று ஊர் சொன்னது. எனக்கு வேலை கிடைத்ததும் வீட்டில் முதலில் கட்டியது கழிப்பறைதான். பித்தளைத் தாழ்ப்பாள் போட்டேன். அம்மா உள்ளே போனார், தாழ்ப்பாளைப் போட்டார், திறந்தார், மறுபடியும் போட்டார். வெளியே வந்து, "தேத்தண்ணி கொஞ்சம் போடச் சொல்லுப்பா" என்றார்.

நடுவர் அவர்களே, எங்கள் வாதத்தைத் தள்ளி வையுங்கள். தீர்ப்புக்கு எழும் முன் இந்தப் பந்தலைச் சுற்றி ஒருமுறை நடந்து, இத்தனை பெண்கள் கூடிய இடத்தில் எத்தனை கழிப்பறை வைத்திருக்கிறோம் என்று எண்ணிவிட்டு வாருங்கள். தீர்ப்பு எந்தப் பக்கமாக இருந்தாலும் சுருக்கமாகச் சொல்லுங்கள், தாய்மார்கள் வீட்டுக்குப் போக வேண்டும். நன்றி, வணக்கம்.