முகப்பில் ஒரு முகம் கேட்ட சீமாட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

1772 கடைசியில் பாஸ்டனிலிருந்து கப்பலேறி லண்டனுக்குப் போன ஒரு கையெழுத்துப் பிரதியைப் பற்றி இன்று பேசுகிறேன். எழுதியவர் ஃபில்லிஸ் வீட்லி. மேற்கு ஆப்பிரிக்காவில் பிறந்து, 1761இல் ஏழெட்டு வயதில் பாஸ்டனில் வீட்லி குடும்பத்துக்கு அடிமையாக விற்கப்பட்டவர். அவரை ஏற்றி வந்த கப்பலின் பெயரையே அவருக்கும் வைத்துவிட்டார்கள். அந்த வீட்டிலேயே ஆங்கிலமும் லத்தீனும் கற்று, கவிதை எழுதினார். பாஸ்டனில் சந்தா சேர்த்துப் புத்தகம் போடப் பார்த்தார்கள். போதிய ஆள் சேரவில்லை.

லண்டனில் ஆர்ச்சிபால்ட் பெல் என்ற பதிப்பாளர் பிரதியோடு ஹண்டிங்டன் சீமாட்டி செலினா ஹேஸ்டிங்ஸைப் பார்க்கப் போனார். காரணம் இருந்தது. 1770இல் மறைந்த போதகர் ஜார்ஜ் வைட்ஃபீல்ட் சீமாட்டிக்கு வேண்டியவர். அவருக்கு ஃபில்லிஸ் எழுதிய இரங்கற்பாவில் சீமாட்டிக்கும் ஆறுதல் சொல்லியிருந்தார்.

பெல் வாசித்தார். சீமாட்டி அடிக்கடி குறுக்கிட்டு, 'இது அருமையாக இல்லையா? இன்னொன்று வாசியுங்கள்' என்றாராம். பெல் சொன்னதைக் கேட்டு, கப்பல் தலைவர் கேலெஃப், ஃபில்லிஸின் எஜமானி வீட்லி அம்மாளுக்கு எழுதிய கடிதத்தில் இது இருக்கிறது. புத்தக வியாபாரி சொன்ன கதைதானே என்று கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் நான் நம்புகிறேன். ஏனென்றால், வியாபாரத்துக்கு உதவாத ஒரு கேள்வியும் அதே கடிதத்தில் இருக்கிறது: இந்தப் பெண் நிஜம்தானா, ஏமாற்று ஏதும் இல்லையே?

புத்தகத்தைத் தனக்குச் சமர்ப்பிக்கச் சம்மதித்த சீமாட்டி, முகப்பில் கவிஞரின் படம் வேண்டும் என்றும் கேட்டார். அந்தப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் இறகுப் பேனா, மேசையில் மைக்கூடு, கன்னத்தில் ஊன்றிய கை. சுற்றியுள்ள நீள்வட்டத்தில், பாஸ்டன் ஜான் வீட்லியின் நீக்ரோ வேலைக்காரி என்ற அறிமுகம். கவிதைகள் இவருடையவைதான் என்று ஆளுநர் உட்பட பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட சான்றும் புத்தகத்தில் சேர்ந்தது. சீமாட்டி கேட்டதும் ஒருவகைச் சான்றுதான், சரி. ஆனால் சான்றிதழில் மற்றவர்கள் ஃபில்லிஸுக்காகப் பேசுகிறார்கள். படத்தில் அவரே எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த அளவுக்குச் சீமாட்டியைப் பாராட்டுவேன். அதற்கு மேல் முடியவில்லை. வைட்ஃபீல்டின் உயிலால் ஜார்ஜியாவில் ஓர் அநாதை இல்லமும் அங்கே உழைத்த அடிமைகளும் அவர் வசம் வந்திருந்தார்கள்.

1773 கோடையில் ஃபில்லிஸ் லண்டன் வந்தபோது சீமாட்டி வேல்ஸில் இருந்தார். சந்திப்பு நடக்கவில்லை. வீட்லி அம்மாளுக்கு உடல்நலம் சரியில்லை என்று சேதி வர, புத்தகம் வெளிவருவதற்கு முன்பே ஃபில்லிஸ் ஊர் திரும்பினார். செப்டம்பரில் புத்தகம் வந்தது. சில வாரங்களில் விடுதலையும் கிடைத்தது.

அப்புறம் 1779இல், 33 கவிதைகளும் 13 கடிதங்களும் கொண்ட இரண்டாவது தொகுப்புக்குச் சந்தா கேட்டு விளம்பரம் செய்தார். பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்குச் சமர்ப்பணம் என்று அறிவித்தும், அமெரிக்க விடுதலைப் போர்க்காலத்தில் பணம் சேரவில்லை. 1784இல் ஃபில்லிஸ் இறந்தார். அந்தத் தொகுப்பு அச்சேறவே இல்லை, பிரதியும் தொலைந்தது. அதிலிருந்த சில கவிதைகள் மட்டும் வேறு வழிகளில் கிடைத்திருக்கின்றன.

நன்றி, வணக்கம்.