பாட்டு பாதி, கேட்கிறவர் பாதி

நடுவர் அவர்களுக்கும், என் பேச்சில் பிழை பிடிக்கப் பேனாவைத் திறந்து வைத்திருக்கும் எதிரணி நண்பர்களுக்கும், அவையோருக்கும் வணக்கம்.

பாட்டின் பொருளில் பாதி கேட்கிறவர் தருவது என்பது எங்கள் அணியின் கட்சி. 'பாட்டுக்குப் பொருள் தருபவர் எழுதியவரே' என்று சற்றுமுன் பேசிய எதிரணி நண்பர் மேசையைத் தட்டிச் சொன்னார். அதற்கு அவர் எடுத்த சான்று 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. அமெரிக்கத் தெற்கில் கறுப்பின மக்களைக் கும்பல் சேர்ந்து கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையை, 'விசித்திரமான பழம்' என்று சொன்ன பாட்டு. ஏபெல் மீரொபோல் எழுதினார், எழுதியபோதே பொருள் முடிந்துவிட்டது, கேட்கிறவர் பாத்திரத்தை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். நல்ல சான்று. எனக்கு வேறு பாட்டுத் தேடுகிற வேலை மிச்சம். இதையே வைத்துக்கொள்கிறேன்.

மீரொபோல் யார்? நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளி ஆசிரியர், யூதர். தெற்கத்திக்காரரும் அல்லர், கறுப்பினத்தவரும் அல்லர். அவரை எழுத வைத்தது ஒரு புகைப்படம். 1930 ஆகஸ்ட் 7 அன்று இந்தியானா மாநிலத்து மேரியன் ஊரில், தாமஸ் ஷிப், ஏப்ரம் ஸ்மித் என்ற இரண்டு இளைஞர்களைச் சிறையிலிருந்து இழுத்து வந்து கும்பல் கொன்றது. ஊர்ப் புகைப்படக்காரர் லாரன்ஸ் பைட்லர் அதைப் படம் எடுத்தார். படத்தில் மேலே இரண்டு உடல்கள். கீழே ஒரு கூட்டம். ஒருவர் மரத்தைச் சுட்டிக் காட்டுகிறார், சிலர் முகத்தில் சிரிப்பு. திருவிழாவில் நிற்கிற மாதிரி நிற்கிறார்கள். அந்தப் படம் ஆயிரக்கணக்கில் பிரதி போட்டு விற்றது. எதற்காக? நினைவுப் பொருளாக!

எடுத்தவர் அதற்குக் கொடுத்த பொருள் அதுதான் ஐயா. அதே படம் மீரொபோலை நாள் கணக்கில் துரத்தியது. எதிரணியின் விதிப்படி நடந்திருந்தால் அவரும் காசு கொடுத்து ஒரு பிரதி வாங்கி அலமாரியில் வைத்திருக்க வேண்டும். அவர் செய்ததோ, எடுத்தவர் நினைக்காத பொருளை அந்தப் படத்தில் கண்டு கவிதை எழுதியது. அந்தக் கவிதைதான் பின்னால் பாட்டானது. நீங்கள் தலையில் தூக்கி வைத்திருக்கிற எழுத்தாளர் முதலில் எங்கள் அணிக்காரர்.

இன்னொன்று. இந்தியானா தெற்கிலேயே இல்லை. உள்நாட்டுப் போரில் வடக்கோடு நின்ற மாநிலம் அது. பாட்டோ தெற்கத்தி மரங்கள் என்கிறது. தவறு என்று சொல்ல மாட்டேன். கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய டஸ்கேகி கல்வி நிறுவனம் 1882 முதல் 1968 வரை தொகுத்த கணக்கில் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 4,743 பேர், அதில் கறுப்பினத்தவர் 3,446 பேர், பெரும்பாலும் தெற்கில்தான். ஆனால் 'தெற்கு' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, நமக்கென்ன என்று சாய்ந்து உட்கார்ந்திருக்கிற வடக்கத்திக்காரரை நினைத்துப் பாருங்கள். அந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று தெரிந்ததும் அவர் எப்படி உட்காருவார்? பாட்டில் ஓர் எழுத்து மாறவில்லை. அவருக்கு மட்டும் அது வேறு பாட்டு.

சரி, பாட்டுக்குள் போவோம். மொத்தம் 12 வரி. மரம், இலை, வேர், தென்றல், பூவின் மணம், காகம், மழை, வெயில் எல்லாம் இருக்கின்றன. கயிறு என்ற சொல் இல்லை. கொன்றார்கள் என்ற சொல் இல்லை. யார் செய்தது என்று ஒரு பெயர்கூட இல்லை. கொலைகாரனே வராத கொலைப்பாட்டு! அந்த இடத்தை நிரப்புவது யார்? தொல்காப்பியர் செய்யுள் உறுப்புகளை எண்ணும்போது 'கேட்போர்' என்று ஒன்றையும் 'எச்சம்' என்று ஒன்றையும் சேர்க்கிறார். அந்தக் 'கேட்போர்' பாட்டுக்குள்ளே இருப்பவர், அவையில் இருப்பவர் அல்லர் என்று புலவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அதை விட்டுக்கொடுக்கிறேன். எச்சத்தை விட மாட்டேன். சொல்லாமல் விட்டதைக் கேட்கிறவர் முடித்துக்கொள்வதும் செய்யுளின் உறுப்புத்தான்.

இப்போது கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயிடம் வருகிறேன். என் வழக்கே இந்த அம்மாளிடம்தான் இருக்கிறது. பாட்டைப் பாடிப் புகழ்பெற்றவர் என்றே எல்லோரும் சொல்கிறோம். பாடுவதற்கு முன் அவரும் கேட்டவர்தானே? கேட்டபோது என்ன நினைத்தார் என்று 1956இல் வந்த தன்வரலாற்றில் சொல்கிறார்: என் அப்பாவைக் கொன்றதெல்லாம் இதில் இருக்கிறது என்று. அப்பா கிளாரன்ஸ் ஹாலிடே, கிதார் கலைஞர். அவரை யாரும் மரத்தில் தொங்கவிடவில்லை. நுரையீரல் நோயோடு டெக்சஸில் மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தும் சேர்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் இறந்தார் என்பது மகளின் வேதனை. தேதிகளைப் பாருங்கள் நடுவர் அவர்களே. மீரொபோலின் கவிதை, பள்ளி ஆசிரியர்கள் சங்கத்தின் இதழில் அச்சானது 1937 ஜனவரியில். கிளாரன்ஸ் இறந்தது 1937 மார்ச்சில். அச்சாகி இரண்டு மாதம் கழித்து நடந்த சாவை மீரொபோல் எப்படிப் பாட்டுக்குள் வைத்திருக்க முடியும்? மகள் கொண்டுவந்து வைத்தாள். அவள் வைத்த பிறகுதான் அந்தப் பாட்டுக்கு அந்தக் குரல் வந்தது.

எதிரணியில் ஒருவர் தலையாட்டுகிறார். 'கேட்கிறவர் இஷ்டத்துக்கு விட்டால் அராஜகம்' என்று அடுத்து எழுந்து சொல்வார். அவருக்கு வேண்டிய சான்றையும் நானே தருகிறேன், அதுவும் ஹாலிடேயின் தன்வரலாற்றில்தான் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெண்மணி, மரத்தில் நிர்வாண உடல்கள் ஆடுமே, அந்தக் கிளுகிளுப்பான பாட்டைப் பாடேன் என்று கேட்டாராம். அதைப் படித்ததும் எனக்கே குமட்டியது. ஆமாம், இப்படியும் கேட்பார்கள். காது இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்டுவிடுவதில்லை. ஆனால் அந்த லாஸ் ஏஞ்சலஸ் பெண்மணியிடமும் இருந்தது மீரொபோல் எழுதிய அதே சொற்கள்தான். சொல்லே பொருளைக் காப்பாற்றும் என்றால் அங்கே ஏன் காப்பாற்றவில்லை? அவரிடம் இல்லாதது அந்த வரலாறு. அது கேட்கிறவர் கொண்டுவர வேண்டிய பங்கு.

போகிற போக்கில் 'டிக்ஸி'யையும் தொட்டுவிடுகிறேன். ஒஹையோக்காரர் டேனியல் எமெட்டின் பெயரில் வழங்குகிற பாட்டு. 1859இல் நியூயார்க் மேடையில், வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்த கூத்தில் வந்தது. இரண்டே ஆண்டில், நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களின் கூட்டமைப்புக்குக் கீதமானது, அதன் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் பதவியேற்றபோது வாசித்தார்கள். 1865இல் தெற்கின் தளபதி லீ சரணடைந்த மறுநாள், வெள்ளை மாளிகைக்கு முன் கூடிய கூட்டத்திடம், தெற்கை வென்ற அமெரிக்க அதிபர் லிங்கன், நல்ல மெட்டு, இனி அது நம்முடையது என்று சிரித்துக்கொண்டே சொல்லி அதையே வாசிக்கச் சொன்னார். எமெட்டிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

அமெரிக்காவின் 'டைம்' இதழ் 1939இல் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'டைப் பிரச்சாரம் என்று எழுதியது. 1999இல் அதே 'டைம்' நூற்றாண்டின் சிறந்த பாட்டு என்றது. நடுவில் மீரொபோல் திருத்தி எழுதினாரா? இல்லை. கேட்கிற நாடு மாறியிருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், அரை நிமிடம் கொடுங்கள். 1939இல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதியில் ஹாலிடே இதைக் கடைசிப் பாட்டாகப் பாடுவார். அதற்கு முன் பரிமாறுகிறவர்கள் அப்படியே நிற்பார்கள், விளக்குகள் அணையும், முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். முதல் முறை பாடி முடித்தபோது கைதட்டலே இல்லை என்கிறார். அப்புறம் யாரோ ஒருவர் தயங்கித் தயங்கித் தட்ட, பிறகு எல்லோரும். பிந்திய இரவுகளில், பாட்டு முடிந்ததும் அந்த ஒற்றை வெளிச்சமும் அணையும், மறுபடி விளக்கு வரும்போது மேடையில் அவர் இருக்க மாட்டார், திரும்ப வந்து பாடவும் மாட்டார். எழுதியவர் அங்கே இல்லை, பாடியவரும் போய்விட்டார். அப்போது அந்த அறையில் பாட்டு யாரிடம் இருந்தது என்று எதிரணித் தலைவர் வந்து சொல்லட்டும். அமர்கிறேன்.